எழுபத்தாறில் ஒரு பங்கு வேகன்

பொம்மை ரயிலுக்கும் மாதிரி ரயிலுக்கும் என்ன வேறுபாடு? பொம்மை ஓடினால் போதும். சக்கரம் சற்றுப் பருத்திருந்தாலும், பெட்டி குட்டையாக இருந்தாலும் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். மாதிரி என்றால் அசலின் ஒவ்வோர் அளவும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் வயது வந்தவர்களே இதைப் பெரிய பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். கடையில் ஆயத்தமாக விற்கும் ஒரு வேகனை வாங்கி, அதன் சக்கரம், பஃபர், கப்ளிங் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, சிறு நிறுவனங்கள் தனியே செய்து விற்கும் நுட்பமான உறுப்புகளைப் பொருத்தி, அசலுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது இவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை.

இதில் பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஒரு கேள்வி இருக்கிறது. எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்துவிட்டால், வேகன் அசலைப் போலவே ஓடுமா? ஓடும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது முதல் வளைவிலேயே தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். ஏன் என்பதை ஒரு வேகனை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்வது பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வேகன். மேற்கூரை இல்லாத இரும்புப் பெட்டி. இரண்டு இருசு, நான்கு சக்கரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இரண்டு லட்சத்திற்கும் அதிகமாகச் செய்யப்பட்டு, நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் மின் நிலையங்களுக்கும் ஓயாமல் ஓடிய வண்டி இது. 1980-களில் அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால் மாதிரி ரயில்காரர்களின் மேசைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியின் அடிச்சட்டம் 16 அடி 6 அங்குல நீளம். இரண்டு இருசுகளுக்கும் இடையே 9 அடி.

இங்கிலாந்தில் மிகவும் பரவியுள்ள மாதிரி அளவு ஓர் அடிக்கு 4 மி.மீ. ஓர் அடி என்பது 304.8 மி.மீ. ஆகையால் விகிதம் 76.2-க்கு 1. நம் வேகன் 66 மி.மீ. நீளம் இருக்கும், இருசுகளுக்கு இடையே 36 மி.மீ. கட்டை விரலை விடச் சற்றே நீளம்.

இந்த அளவில் தொடக்கத்திலேயே ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தின் ரயில் பாதை 1435 மி.மீ. அகலம். அதை 76.2-ஆல் வகுத்தால் 18.83 மி.மீ. வர வேண்டும். கடையில் விற்கும் மாதிரிப் பாதையோ 16.5 மி.மீ. தான். இது 87-க்கு 1 என்ற வேறோர் அளவுக்கு உரிய பாதை. பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய, அமெரிக்க எஞ்சின்களைவிடச் சிறியவை. 1920-களில் கிடைத்த மின்மோட்டார்கள் 87-இல் ஒரு பங்கு பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் அடங்கவில்லை. அதனால் எஞ்சினின் உடலை மட்டும் பெரிதாக்கி, பாதையைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டார்கள். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோ ரயில்கள் இந்த வழக்கத்தை நிலைநாட்டிவிட்டன. 16.5 மி.மீ.-ஐ 76.2-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1257 மி.மீ. வரும். அதாவது அசலில் 7 அங்குலம் குறைவான பாதையில் வண்டி நிற்பது போன்ற தோற்றம். முன்னால் நின்று பார்த்தால் பருத்த மனிதர் கால்களைச் சேர்த்து வைத்து நிற்பது போலிருக்கும். இதைப் பொறுக்காத சிலர் 1960-களில் 18.83 மி.மீ. பாதைக்கு மாறி, அதற்கென்று சக்கரங்களும் செய்துகொண்டார்கள். நம் நாட்டு அகலப் பாதையை (1676 மி.மீ.) இதே அளவில் செய்வதானால் எத்தனை மி.மீ. என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விடை ஏறக்குறைய முழு எண்ணாக வரும்.

இனி வேகனைக் கையில் எடுப்போம். முதலில் கண்ணில் படுவது பெட்டியின் சுவர். அசலில் அது சில மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகடு. மாதிரியில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பு. அசல் அளவுக்குப் பெருக்கினால் 76 மி.மீ., அதாவது மூன்று அங்குலத் தகடு! நிலக்கரி வண்டியா, போர்க்கப்பலா என்று கேட்கலாம். அசல் தகட்டின் அளவுக்கே மெலிதாக்கினால் பிளாஸ்டிக் விரல் பட்டாலே நசுங்கும். எனவே சுவரின் மேல் விளிம்பை மட்டும் உட்புறமாக அரத்தால் சாய்வாக ராவி விடுகிறார்கள். கண் விளிம்பைப் பார்த்துத்தான் தடிப்பைக் கணிக்கிறது. கீழே எவ்வளவு தடிப்பு என்று அது கேட்பதில்லை. பிரேக் நெம்புகோல், அதன் காப்புச் சட்டம் போன்ற மெல்லிய உறுப்புகளைக் கால் மி.மீ. பித்தளைத் தகட்டில் அமிலக் கரைப்பு முறையில் செய்து விற்கிறார்கள். தகட்டின்மேல் ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவி, படச்சுருள் வழியே ஒளி பாய்ச்சி, இறுகாத பகுதிகளைக் கழுவிவிட்டு, ஃபெரிக் குளோரைடு கரைசலால் அரிக்க வைப்பார்கள். மின்சுற்றுப் பலகைகள் செய்வதும் இதே முறையில்தான். இப்போது முப்பரிமாண அச்சு முறையிலும் இத்தகைய உறுப்புகள் வருகின்றன. இவையெல்லாம் தோற்றத்திற்கு. நமக்கு முக்கியமானவை கீழே இருக்கின்றன.

வேகனைத் தலைகீழாக்கிச் சக்கரங்களைப் பாருங்கள். இருசின் இரு முனைகளும் பென்சில் முனை போலக் கூராக்கப்பட்டிருக்கும். அந்தக் கூர் முனைகள் கூம்பு வடிவக் குழிகளில் உட்கார்ந்து சுழலும். மாற்று உறுப்புகளில் முதலாவதாக வாங்க வேண்டியது இந்தக் குழிக்குள் பொருத்தும் பித்தளைத் தாங்கிதான். பார்ப்பதற்குச் சிறிய தொப்பி போல் இருக்கும். 26 மி.மீ. நீள இருசுடன் இது இணைந்தால் வேகன் ஓடும் விதமே மாறிவிடும். காரணம் உராய்வல்ல, உராய்வின் திருப்புத்திறன்.

ஒரு சிறு கணக்கு. இருசில் உராய்வு விசை என்பது உராய்வுக் கெழுவை எடையால் பெருக்கியது. ஆனால் அந்த விசை செயல்படுவது இருசின் பரப்பில்; வண்டியை இழுக்கும் விசை செயல்படுவது சக்கரத்தின் ஓரத்தில். நெம்புகோல் விதிப்படி, இழுக்கத் தேவைப்படும் விசை, உராய்வு விசையை உராயும் இடத்தின் ஆரத்தால் பெருக்கிச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். சக்கரத்தின் ஆரம் 6 மி.மீ. இருசு 1 மி.மீ. ஆரமுள்ள சாதாரண உருளையாக இருந்து, உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், எடையில் 30-இல் ஒரு பங்கு விசை வேண்டும். கூர் முனையில் உராயும் இடத்தின் ஆரம் 0.15 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 200-இல் ஒரு பங்கு போதும்! உராய்வுக் கெழுவை நாம் தொடவே இல்லை; எண்ணெயும் விடவில்லை. உராயும் இடத்தை மையத்துக்கு அருகே கொண்டுபோனோம், அவ்வளவுதான். கடிகாரச் சக்கரங்களின் முனைகளை மெல்லியவையாகச் செய்வதும் இதனால்தான். தூசியும் பாதையின் மேடுபள்ளமும் சேர்வதால் நடைமுறையில் 200-ஐ எட்டுவது கடினம். எனினும் வேறுபாடு கையால் தள்ளும்போதே தெரியும்.

இதைச் சோதிக்க மாதிரி ரயில் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள வழவழப்பான பலகையில் ஒரு பொம்மைக் காரை வைத்து, பலகையின் ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். காரை மெல்லத் தட்டிவிட்டால் வேகம் கூடாமலும் குறையாமலும் உருளும் நிலை வரும்போது முனையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 20 மி.மீ. என்றால், 1000-க்கு 20. அதாவது தடை விசை எடையில் 50-இல் ஒரு பங்கு. இருசுக்கு ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் விட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். தரைப் பாதை மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள மறக்க வேண்டாம். பலகையைத் திருப்பி வைத்து இருமுறை அளந்து சராசரி எடுத்தால் அந்தப் பிழை நீங்கும்.

இப்போது எடைக்கு வருவோம். அசல் வேகன் காலியாக 7 டன்னுக்குச் சற்று மேல். சுமார் 7,300 கிலோ. நீளம் 76.2-இல் ஒரு பங்கு என்றால் பரப்பு 5,806-இல் ஒரு பங்கு; கன அளவு 4,42,451-இல் ஒரு பங்கு. அதே பொருளால் செய்தால் எடையும் அப்படியே குறையும். 7,300 கிலோவை 4,42,451-ஆல் வகுத்தால் 16.5 கிராம். இந்த 16.5 கிராம் வேகன் ஓடாது. பிரிட்டிஷ் மாதிரி ஆர்வலர்கள் பலர் கைக்கொள்ளும் அனுபவ விதி இருசு ஒன்றுக்கு 25 கிராம். அதாவது வேகனுக்கு 50 கிராம். மூன்று மடங்கு!

ஏன் இந்தக் கூடுதல்? எடை மூன்றாம் படியில் குறைந்துவிட்டது. ஆனால் வேகனைத் தடம் புரட்டப் பார்க்கும் சில்லறை விசைகள் அப்படிக் குறையவில்லை. இருசில் சுற்றிய ஒரு நூல் இழை, கப்ளிங் கம்பியின் விறைப்பு, கெட்டிப்பட்ட எண்ணெய் ஆகியவற்றுக்கு நம் விகிதம் தெரியாது. தண்டவாள இணைப்பில் கால் மி.மீ. ஏற்றத்தாழ்வு இருந்தால் மேசையில் அது கண்ணுக்கே தெரியாது. அசல் பாதையில் அது 19 மி.மீ. படிக்கட்டுக்குச் சமம். எந்தப் பாதை ஆய்வாளரும் அதை விட்டுவைக்க மாட்டார்.

புவியீர்ப்பும் சுருங்க மறுக்கிறது. எந்தப் பொருளும் விநாடியில் 50-இல் ஒரு பங்கு நேரத்தில் 2 மி.மீ. விழும். அசல் வேகனுக்கு 2 மி.மீ. ஒரு பொருட்டல்ல. மாதிரிக்கு அது அசலின் 15 செ.மீ. பள்ளம். அதனால்தான் மாதிரி வண்டி சிறு குழியிலும் 'டக்'கென்று விழுந்து எழுகிறது. அசல் வண்டியோ அசைந்து மிதந்து செல்கிறது. சினிமாவில் மாதிரிகளைக் கொண்டு விபத்துக் காட்சி எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விகிதத்தின் வர்க்கமூலத்தால் படப்பிடிப்பு வேகத்தைப் பெருக்குவார்கள். நம் விகிதத்திற்கு வர்க்கமூலம் 8.7, விநாடிக்கு 24 படங்களுக்குப் பதில் 210 படங்கள் எடுத்துச் சாதாரண வேகத்தில் ஓட்டினால் விழுவது பெரிய வண்டியைப் போல மெதுவாக விழும்.

இதே சுருங்காத புவியீர்ப்பு ஓரிடத்தில் நமக்கு உதவியும் செய்கிறது. கடைப் பாதையில் 438 மி.மீ. ஆர வளைவு சாதாரணம். அசலில் 33 மீட்டர் ஆரம். முதன்மைப் பாதையில் எந்தப் பொறியாளரும் அப்படி அமைக்கமாட்டார். ஆனாலும் மாதிரி வண்டி வேகத்தால் கவிழ்வதில்லை. வெளிநோக்கித் தள்ளும் விளைவு வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்ததைப் பொறுத்தது. வேகம் 76-இல் ஒரு பங்கு, ஆரம் 76-இல் ஒரு பங்கு என்றால், விளைவும் 76-இல் ஒரு பங்காகிறது. எதிர்த்து நிற்கும் புவியீர்ப்போ முழுசாக இருக்கிறது.

சரி, 50 கிராம் ஆக்க எடை சேர்த்தால் எஞ்சின் இழுக்குமா? இங்கேதான் இரண்டு தேவைகள் மோதிக்கொள்கின்றன. 20 வேகன்கள் 1000 கிராம். 250 கிராம் எஞ்சின், தண்டவாளப் பிடிப்புக் கெழு 0.2 என்றால், 50 கிராம் எடைக்குச் சமமான விசையில்தான் இழுக்க முடியும். 50-க்கு 1 ஏற்றத்தில் வேகன்களைத் தூக்க மட்டும் 20 கிராம் விசை, எஞ்சினைத் தூக்க 5 கிராம். சாதாரண இருசானால் உராய்வுக்கு இன்னும் 33 கிராம். மொத்தம் 58. எஞ்சின் சக்கரங்கள் நின்ற இடத்தில் வழுக்கிச் சுற்றும். கூர் முனை இருசானால் உராய்வுக்கு 5 கிராம், மொத்தம் 30. ஏறிவிடும். எடை கூட்டும் சுதந்திரத்தை நமக்குத் தந்தது அந்தச் சிறிய பித்தளைத் தொப்பிதான். முதலில் தாங்கி, பிறகு எடை என்ற வரிசையை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது வில். அசல் வேகனின் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் அடுக்கு வில் உண்டு. மாதிரியிலும் அழகாக வார்த்திருப்பார்கள். ஆனால் அது அசையாத சிற்பம். அசல் வில்லையே அப்படியே 76-இல் ஒரு பங்காக எஃகில் செய்து வைத்தால் என்ன? வில்லின் விறைப்பு நீளத்தின் விகிதத்தில்தான் குறையும். அதன் மேல் உள்ள எடையோ மூன்றாம் படியில் குறையும். எனவே அமுங்கும் தூரம் இரண்டாம் படியில் குறைந்துவிடும். அசலில் 50 மி.மீ. அமுங்கும் வில், மாதிரியில் 0.66 மி.மீ. அமுங்கினால்தான் பொருத்தம். கிடைப்பதோ 0.009 மி.மீ. கல் போன்ற வில்!

வில் இல்லாத நான்கு சக்கர வண்டி, நான்கு கால் மேசையைப் போன்றது. தரை சீராக இல்லாவிட்டால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். தடம் மாறாமல் சக்கரத்தைக் காப்பது அதன் உட்புறம் துருத்தி நிற்கும் விளிம்பு. அசலில் இந்த விளிம்பு 28 மி.மீ. அளவு ஆழம், சரியாகச் சுருக்கினால் 0.37 மி.மீ. பாதை ஓரிடத்தில் 0.4 மி.மீ. முறுக்கியிருந்தால், நான்காவது சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்திற்கு மேலே வந்துவிடும். பிறகு தடம் புரள ஒரு வளைவு போதும். ஆயத்த வேகன் செய்பவர்கள் இதற்குக் கண்டுள்ள வழி, விளிம்பை அரை மி.மீ.-க்கு மேல் ஆழமாக்கிவிடுவது. பார்வைக்குச் சற்று முரடு. ஆனால் எந்தப் பாதையிலும் ஓடும். குழந்தைகள் தரையில் பாதை போட்டு விளையாடும் வீட்டுக்கு அதுவே சரி. அளவு சுத்தமாக வேண்டும் என்பவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது அல்லவா? ஓர் இருசை வேகனின் அடியில் அசையாமல் பொருத்தி, மற்ற இருசை மட்டும் நடுவில் ஓர் ஊசி முளையில் தொங்கவிட்டு ஏற்றம்போல் இருபுறமும் ஆடவிடுகிறார்கள். இரண்டு சக்கரமும் ஒரு முளையும் சேர்ந்து மூன்று ஆதாரம். நான்கு சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதற்கான மடித்துப் பொருத்தும் பித்தளைத் தகடுகளும் விற்பனைக்கு உண்டு. என் கருத்தில், ஆயத்த வேகனில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதுவே மிக அழகானது. ஆனால் முடிந்தபின் வெளியே ஒன்றும் தெரியாது.

கப்ளிங்கை மாற்றுவோர் பெரிய பிளாஸ்டிக் கொக்கியை வெட்டிவிட்டு மூன்று வளையச் சங்கிலி போடுகிறார்கள். அசலில் அப்படித்தான் இருந்தது. சங்கிலி தளர்வாக இருந்ததால், எஞ்சின் புறப்படும்போது வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தன. அத்தனை வேகன்களின் நிலை உராய்வையும் ஒரே கணத்தில் வெல்ல வேண்டியதில்லை. மாதிரியில் ஒரு சிக்கல். 438 மி.மீ. வளைவில், பஃபரோடு சேர்த்து 78 மி.மீ. நீளமுள்ள இரண்டு வேகன்கள் ஒன்றுக்கொன்று சுமார் 10 டிகிரி திரும்பி நிற்கும். பஃபர்கள் நடுக்கோட்டிலிருந்து 11.4 மி.மீ. தள்ளி இருப்பதால், உட்புறப் பஃபர்கள் 2 மி.மீ. நெருங்கும்; வெளிப்புறத்தவை 2 மி.மீ. விலகும். ஆகவே அசையும் தண்டும் உள்ளே மெல்லிய சுருள்வில்லும் உள்ள பஃபர் வாங்க வேண்டும். இல்லையேல் ஒன்றையொன்று உந்தித் தள்ளிவிடும். அகன்ற வளைவு போட இடம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

ஒட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கோடு அதே பிளாஸ்டிக்கை ஒட்டக் கரைப்பான் போதும். இரு பரப்புகளும் இளகி ஒன்றாகிவிடும். பித்தளையை அப்படி ஒட்ட முடியாது, எப்பாக்சிப் பசைதான். எடைக்கு ஈயம் வைப்பவர்கள் அதை வெள்ளை மரப்பசையில் குழைத்து அடைத்தால், சில ஆண்டுகளில் பெட்டி உப்பி வெடிப்பு விடும். பசையிலிருந்து கசியும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து, காற்றின் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து வெள்ளை ஈயமாக்குகிறது. அதன் கன அளவு ஈயத்தைவிட அதிகம். ஈயம் நஞ்சு என்பதால் தொட்டபின் கை கழுவவும் வேண்டும். மாணவர்களுக்கு நான் சொல்வது இரும்பு நட்டுகள். அவற்றைத் தரைக்கு அடியில், சட்டங்களுக்கு நடுவே ஒட்டினால் ஈர்ப்பு மையமும் தாழ்வாக இருக்கும்.

வேகனைக் காலியாக ஓட்டாமல் நிலக்கரி ஏற்றி ஓட்ட விரும்பினால் எடைக் கவலையே இல்லை. அசலில் 16 டன் நிலக்கரி 16,257 கிலோ. சுருக்கினால் 37 கிராம். உண்மையான நிலக்கரியை உடைத்து, சலித்து, கைப்பிடி அளவு கொட்டினால் ஏறக்குறைய அதே எடை பெட்டிக்குள் வந்துவிடும். 15 செ.மீ. கட்டிக்கு 2 மி.மீ. துணுக்கு. கொட்டும்போது குவியலின் சரிவைக் கவனியுங்கள். உலர்ந்த துணுக்குகள் எந்தக் கோணத்தில் சரிந்து நிற்கும் என்பது அவற்றின் பருமனை அநேகமாகப் பொறுத்ததல்ல; சுரங்க வாயிலில் நின்ற பெரிய வேகனின் குவியலும் மேசை மேல் உள்ள குவியலும் ஒரே கோணத்தில்தான் நிற்கும். மாவாகப் பொடித்துவிட மட்டும் கூடாது. பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கும், பார்த்தவுடன் காட்டிக்கொடுத்துவிடும்.